டென்ட்டோடு குமரிக்கு: முனையா, முட்டமா, திற்பரப்பா?

வீடு நாகர்கோவிலில் என்பதால் லீவு நெருங்கினாலே இந்தப் போன் வரும். "அண்ணே, கார்லதான் வாறோம். டென்ட்டு கையில இருக்கு. கன்னியாகுமரியில எங்க போடலாம்?" கேட்கிறவர்கள் மனசில் ஒரு படம் இருக்கும்: மூன்று கடலும் கூடுகிற மணலில் டென்ட், ஜிப்பை இழுத்தால் எதிரே சூரியன். அது நடக்காது. ஆனால் அதைவிட நல்ல இரவு இந்த மாவட்டத்தில் உண்டு என்பதால்தான் ஒவ்வொரு தடவையும் பொறுமையாகப் பதில் சொல்கிறேன்.

முதலில் முனை. முக்கடல் சங்கமத்தில் குளிக்கிற துறை, பகவதி அம்மன் கோயில், காந்தி மண்டபம், சங்கு பாசிக் கடைகள் எல்லாம் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. டென்ட் அடிக்க இடமும் இல்லை, விடவும் மாட்டார்கள். அறைதான் எடுக்கவேண்டும். அதில் லாபம் ஒன்றுதான், ஆனால் பெரிய லாபம்: ஐந்து நிமிட நடையில் விடியல். விவேகானந்த கேந்திரத்தின் விவேகானந்தபுரம் வளாகத்தில் அறை கிடைத்துவிட்டால் அங்கேயே கடற்கரை இருக்கிறது, முனையின் தள்ளுமுள்ளு இல்லாமல் உதயம் பார்க்கலாம். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் அலைமோதும். அப்போது அறையும் கிடைக்காது, வண்டி நிறுத்தவும் இடம் கிடைக்காது.

உதயம் பார்த்த கையோடு படகுக்கு வரிசையில் நின்றுவிடுங்கள். 1970-இல் திறந்த விவேகானந்தர் பாறை, 2000 ஜனவரி 1 அன்று திறந்த 133 அடி வள்ளுவர், இரண்டுக்கும் நடுவே இப்போது 77 மீட்டர் கண்ணாடிப் பாலம். கடல் கொந்தளித்தாலும் சரி, நீர்மட்டம் தாழ்ந்தாலும் சரி, படகை நிறுத்திவிடுவார்கள். அதனால் ஊர் திரும்புகிற நாளில் இதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

முனையில் உதயமும் அஸ்தமனமும் ஒரே இடத்தில் பார்க்கலாம் என்று நம்பி வருகிறவர்கள் பலர். கடலுக்குள் சூரியன் இறங்குவது ஏறக்குறைய ஐப்பசியிலிருந்து மாசி வரைதான். கோடையில் அது வடக்கே ஒதுங்கிக் கரைப்பக்கம் மறைந்துவிடும். மே மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து ஏமாந்து நிற்கிற குடும்பங்களைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

அந்த மாதங்களில் முனைக்கு மேற்கே இருக்கிற கடற்கரை ஊரான முட்டம்தான். கரை தென்மேற்கு பார்த்துக் கிடப்பதால் கோடையிலும் சூரியன் கடலில்தான் இறங்கும். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே செம்மண் மேடு, அதற்கும் கீழே பெரும் பாறைகள். அலை பாறையிடுக்கில் புகுந்து வெளியே சீறுகிற சத்தத்தை மேட்டில் உட்கார்ந்தே கேட்கலாம். பாறையில் இறங்க வேண்டாம். பாசி பிடித்தது, வழுக்கினால் பிடிக்க ஒன்றும் இல்லை.

டென்ட் என்றால் என் ஓட்டு இந்தப் பக்கத்துக்குத்தான். ஆனால் மணலில் இல்லை, தென்னந்தோப்பில். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் மதுரையிலிருந்து வந்த மச்சானோடு இந்தக் கரையோரம் மணலில் டென்ட் அடித்தோம். காய்ந்த மணல், அலை முப்பதடி தள்ளி இருந்தது. இருட்டுகிற நேரத்தில் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போன பெரியவர் ஒருவர் நின்றார். குனிந்து மேல்மணலை ஒரு சாண் விலக்கிக் காட்டினார். கீழே ஈரம். "மக்கா, இது கடலு ஏறுற எடம். அந்தா அடம்பங்கொடி கெடக்குல்லா, அதுக்கு அங்க போடு." சங்கப் பாட்டில் வருகிற அதே அடும்பு, ஊதாப்பூ பூக்கிற கொடி. உப்புத்தண்ணீர் அடிக்கடி ஏறுகிற இடத்தில் அது படர்ந்து நிலைக்காது. கொடியைத் தாண்டி மேட்டுப்பக்கம் மாற்றிப் போட்டோம். விடியும்போது பழைய இடத்தில் நாங்கள் அடித்த முளைக்குழியே இல்லை.

கள்ளக்கடல் என்று இங்கே சொல்வார்கள். காற்றும் மழையும் இல்லாமல், எங்கோ தூரத்துக் கடலில் எழுந்த அலை வந்து கரையேறுவது. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 பயிற்சி மருத்துவர்கள் உயிரிழந்தது அப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த சமயத்தில்தான். கடல் எச்சரிக்கை உள்ள நாளில் கரையோரம் தங்காதீர்கள். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

தோப்புக்காரரிடம் முறையாகக் கேட்டால் பெரும்பாலும் இடம் கிடைக்கும். தேங்காய் விழாத இடமாகப் பார்த்துப் போடுங்கள், கயிறைத் தென்னையிலேயே கட்டுங்கள், மணலில் அடித்த முளை இந்தக் காற்றுக்கு நிற்காது. ராத்திரிக்கு மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளிதான்) மீன்கறியும், காலையில் மட்டி வாழைப்பழம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆனி, ஆடியில் மழையும் காற்றும் கரையைப் போட்டு உலுக்கும். அப்போது திற்பரப்பு. கோதையாற்று அருவியில் வருடத்தில் ஏறக்குறைய 7 மாதம் தண்ணீர் விழும், பேச்சிப்பாறை அணையில் அதிகம் திறந்துவிட்டால் குளிக்க விடமாட்டார்கள். பக்கத்தில் கால்வாய்த் தண்ணீரைச் சுமந்து போக 1966-இல் கட்டிய மாத்தூர் தொட்டிப்பாலம், 115 அடி உயரம். ரப்பர் தோட்டத்து வீடுகளில் தங்கலாம். இருட்டு விலகுமுன்னே நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு பால்வெட்டுகிறவர்கள் மரத்துக்கு மரம் நகர்வதைப் பார்க்கலாம். வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் டென்ட் போடவே கூடாது, யானை நடமாட்டம் உள்ள காடு. கடல் பார்க்க வந்தவர்களுக்கு இது இரண்டாம் தேர்வுதான். முனைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டவேண்டும், உதயம் கைவிட்டுப் போகும்.

அதனால் தை, மாசியில் வருகிறவர்களுக்கு நான் சொல்வது: மாலையில் முட்டம், இரவு தோப்பு, காலையில் நாலே முக்காலுக்கு டென்ட்டை மடித்துவிட்டு ராஜாக்கமங்கலம் வழியாகக் கடலோரச் சாலையில் முனைக்கு. வழியில் மணக்குடிப் பாலத்தில் வண்டியை மெதுவாக விடுங்கள். 2004 சுனாமி பழைய பாலத்தை அடித்துக்கொண்டு போனது அங்கேதான். பழையாறு கடலில் சேருகிற இடம், அந்த நேரத்தில் வள்ளங்களின் விளக்குகள் தண்ணீரில் வரிசையாகத் தெரியும்.