பிந்தி வந்த ஒப்படைக்குப் பூச்சியமா? தோட்டப் பாடசாலைக்கு எந்த விதி ஒத்துவரும்?

தரம் 6 முதல் 9 வரை படிப்பிக்கிற எல்லோருக்கும் திங்கட்கிழமை காலை எப்படி இருக்கும் என்று தெரியும். வீட்டில் செய்துவரச் சொன்ன ஒப்படைக் கொப்பிகளை மேசையில் அடுக்கச் சொன்னால் ஒரு பகுதிதான் வரும். மற்றப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு இருப்பார்கள். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கும் நான், இதற்கு மூன்று விதமான விதிகளை என் வகுப்பிலேயே வைத்துப் பார்த்திருக்கிறேன்.

முதலாவது, திகதி தவறினால் பூச்சியம். வேலைக்கு வந்த புதிதில் இதைத்தான் வைத்திருந்தேன். ஆசிரியருக்குச் சுலபம், பிள்ளைக்கும் குழப்பமில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 ஒப்படைகளில் எட்டுக்குத் தலா 80 எடுத்த பிள்ளை, இரண்டைக் கொடுக்கவில்லை என்றால் சராசரி 64. 80 என்றால் A, 64 என்றால் C. அந்தப் பிள்ளைக்குச் சமன்பாடு நன்றாகவே தெரியும், அறிக்கை மட்டும் தெரியாது என்று சொல்லும்.

அதைவிடப் பெரிய சேதத்தை நான் வரவு இடாப்பில்தான் கண்டேன். தரம் 8இல் ஒரு பையன் அடுத்தடுத்து மூன்று பூச்சியம் வாங்கினான். நான்காவது வாரத்திலிருந்து திங்கட்கிழமைகளில் அவன் வரவே இல்லை. செவ்வாய் வருவான், வெள்ளி வரை இருப்பான். கொப்பி கேட்கும் நாளில் மட்டும் பெயருக்கு நேரே அடையாளம் இல்லை. ஒப்படைக்காக வைத்த விதி பிள்ளையைப் பாடசாலையிலிருந்தே தள்ளிவிட்டது. அந்தப் பக்கத்தைப் பார்த்த அன்றே அந்த விதியைக் கைவிட்டேன்.

இரண்டாவது, பிந்தும் ஒவ்வொரு நாளுக்கும் 10 புள்ளி குறைப்பது. நியாயமாகத்தான் தெரியும். ஆனால் மூன்று நாள் பிந்திய 90உம் நேரத்துக்கு வந்த 60உம் ஒரே புள்ளியில் வந்து நிற்கும். யாருக்குப் பாடம் விளங்கவில்லை என்பதை அந்தப் புள்ளியைப் பார்த்துச் சொல்ல முடியாது. இதை ஒரு தவணைக்கு மேல் நான் நடத்தவில்லை.

மூன்றாவது, தவணை முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் தரலாம். இரக்கத்தில் வைத்த விதி. தவணைப் பரீட்சைக்கு முந்தைய வாரம் கொப்பிகள் மலையாகக் குவிந்தன. அநேகமாக எல்லாம் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியவை. ஒரே பிழை ஒன்பது கொப்பியில், ஒரே இடத்தில். பின்னத்தில் விட்ட பிழையை மூன்றாம் வாரமே திருத்தாவிட்டால் பிறகு சமன்பாட்டிலும் அது கூடவே வரும். பூச்சியம் செய்கிற அதே தீங்கை இதுவும் செய்கிறது, கொஞ்சம் மெதுவாக.

இப்போது நான் வைத்திருப்பது இரண்டு திகதிகள். முதல் திகதி திங்கள். தவறினால் அந்த வார வெள்ளிக்கிழமை, கடைசிப் பாடவேளையில் 20 நிமிடம் என் முன்னால் உட்கார்ந்து செய்ய வேண்டும். புள்ளி முழுதாகக் கிடைக்கும். பிந்தியது என்பதைத் தனி நிரலில் குறித்துக்கொள்வேன், புள்ளியோடு கலக்க மாட்டேன். பாடசாலை விட்ட பிறகு மறித்து வைப்பதில்லை. ஒன்றரைக்கு பஸ்ஸை விட்டால் சில பிள்ளைகள் தேயிலைக்குள்ளால் ஒரு மணித்தியாலம் நடக்க வேண்டும்.

வராத நாள் வேலை இதைவிடச் சிக்கல். எங்கள் பக்கத்தில் வைகாசி தொடங்கி மழை விடாது, சில நாள் பாதையே இருக்காது. அம்மா கொழுந்து பறிக்கப் போனால் காய்ச்சலில் கிடக்கிற தம்பியைப் பார்க்க அக்கா நிற்பாள். மாசியில் காமன் கூத்து என்றால் இரவு முழுக்க விழித்திருப்பார்கள். "கூட்டாளியின் கொப்பியைப் பார்த்து எழுது" என்பது பழைய வழி. விடை வந்துவிடும், வழி வராது. வட்ஸ்அப் குழுவில் போடுவது 2020இல் பாடசாலைகள் மூடியபோது பழகியது. வீட்டுக்கு ஒரு போன், அதுவும் கொழும்பில் வேலை செய்யும் அப்பாவோடு போய்விட்டால்? நான் நம்புவது சுவரில் தொங்கும் ஒரு கோப்பைத்தான். ஒவ்வொரு நாள் பாடமும் கணக்கும் ஒரு தாளில், திகதிப்படி. திரும்பி வந்த பிள்ளை யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். எத்தனை நாள் வரவில்லையோ அத்தனை நாள் அவகாசம். ஒரு வாரத்துக்கு மேல் வராதவருக்கு எல்லாக் கணக்கும் வேண்டாம், அடுத்த பாடத்துக்குத் தேவையானவற்றை நானே தெரிவு செய்து கொடுப்பேன்.

கொப்பியா, படமா? கணிதத்துக்குக் கொப்பிதான். மங்கல் பல்ப் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் 1ஐயும் 7ஐயும் பிரித்தறிய முடியாது. மண்சரிவில் பாதை மூடிய நாளுக்கு மட்டும் படம் போதும்.

எந்த விதி வைத்தாலும் வேலையின் அளவைக் குறைக்காவிட்டால் பயனில்லை. 10 அடிக்கு 12 அடி லயக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில், அடுப்பும் படுக்கையும் டீவியும் போக மிஞ்சிய இடத்தில் எழுதுகிற பிள்ளை அது. என்னிடம் படிக்கும் ஒருத்தி கொப்பியைச் சொப்பிங் பையில் சுற்றி, அதை இன்னொரு பையில் போட்டுத்தான் கொண்டுவருவாள். அப்படியும் பக்க ஓரங்கள் நனைந்து ஊறியிருக்கும், விறகுப் புகை மணக்கும். அவளிடம் 20 கணக்கு கேட்பது சரியில்லை. இப்போது ஐந்துதான். முதல் இரண்டை வகுப்பு முடியும் முன்பே என் கண் முன்னால் தொடங்கிவிட வேண்டும். தொடங்கிய கணக்கைப் பிள்ளைகள் முடித்துக்கொண்டு வருகிறார்கள். தொடங்காததுதான் திங்கட்கிழமை வெறும் பக்கமாக வருகிறது.

இந்த விதிகளைத் தவணையின் முதல் வாரமே பெற்றோருக்குச் சொல்லிவிட வேண்டும். கூட்டத்தை வேலை நாளில் வைத்தால் அம்மாமாருக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும், அதனால் ஞாயிறு பின்னேரம் வைக்கிறேன். போன தவணை ஒரு தாய் கேட்டார்: "பிந்திக் கொண்டு வந்தாலும் எடுத்துக்குவீங்களா சேர்?" எடுப்பேன் என்றேன், வெள்ளிக்கிழமை வரைக்கும்.