மிதிபடகில் ஏறுமுன் படகுத்துறையில் நின்று பார்க்க வேண்டியவை: ஊட்டி, கொடைக்கானல், முட்டுக்காடு பயண அனுபவம்

விடுமுறைக்கு ஊருக்கு வருகிற குடும்பம் மலையேறினால் போட் ஹவுஸ் போகாமல் இறங்குவதில்லை. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு மூன்றிலும் ஏரி இருக்கிறது. சென்னையோடு நிற்பவர்களுக்கு ஈசிஆரில் முட்டுக்காடு. கனடாவில் ஏரிக்கரை வாடகை நிலையம் ஒன்றில் மிதிபடகுகளைப் பராமரிக்கும் வேலை என்பதால், இந்தப் பயணத்தில் ஏரியின் அழகைவிடப் படகுகளின் அடிப்பாகத்தைத்தான் அதிகம் கவனித்தேன். ஒரே துறையில் வரிசையாகக் கட்டியிருக்கும் படகுகளிலேயே நல்லதும் மோசமானதும் கலந்து கிடக்கின்றன. எது நம் கைக்கு வரும் என்பது வரிசையைப் பொறுத்தது. ஆனால் காரணம் சொல்லிக் கேட்டால் மாற்றித் தருகிறார்கள். எதைப் பார்த்து மாற்றிக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் டிக்கெட் விஷயம். மிதிபடகு இரண்டு பேருக்கும் நான்கு பேருக்கும் தனித்தனியாக இருக்கும். பல துறைகளில் வாடகையோடு முன்பணமும் வாங்குவார்கள். நேரத்துக்குத் திரும்பினால் அது கைக்கு வரும், தாமதித்தால் பிடித்தம். அந்த ரசீதைச் சட்டைப் பையில் வைத்து நனைத்துவிடாதீர்கள். ஏப்ரல், மே சீசனில் மதியத்துக்கு மேல் போனால் வரிசையிலேயே பாதி நாள் போய்விடும். காலையில் திறந்தவுடன் போவது நல்லது. கூட்டம் குறைவு என்பது மட்டுமல்ல, காற்றும் குறைவாக இருக்கும். காற்று ஏன் முக்கியம் என்று கீழே சொல்கிறேன்.

நான்கு பேர் படகு என்றால் நான்கு பேர்தான். மடியில் ஒரு குழந்தை, நடுவில் ஒரு குழந்தை என்று சேர்த்துக்கொள்வது நம் ஆட்களுக்கு இயல்பாக வருகிறது. வெளிநாட்டில் பிள்ளைகளை கார் சீட்டில் கட்டாமல் வண்டி எடுக்காதவர்களே இங்கே வந்ததும் தளர்ந்துவிடுகிறார்கள். 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். அது மோட்டார் படகு. ஆனால் அளவுக்கு மேல் ஆள் ஏற்றியதும், எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் இல்லாததும் மிதிபடகிலும் அதே வேலையைத்தான் செய்யும். படகின் உட்புறத்தில் எத்தனை பேர், எத்தனை கிலோ என்று பொறித்த தகடு இருந்தால் கிலோ கணக்கைப் பாருங்கள். ஆள் கணக்கைவிட அது நம்பகமானது. தகடு இல்லையென்றால் எல்லோரும் உட்கார்ந்த பிறகு படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு சாண் இருந்தால் நிம்மதி. நாலு விரல் அளவுக்குக் குறைந்துவிட்டால் ஒருவர் இறங்கித்தான் ஆக வேண்டும்.

இப்போது படகுக்கு வருவோம். நம் ஊர் மிதிபடகுகள் பெரும்பாலும் ஃபைபரில் செய்தவை. மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு அச்சில் வார்த்து விளிம்பில் ஒட்டியிருப்பார்கள். இடையில் வெற்றிடம் இருக்கும். அதில் மிதப்புக்காக ஃபோம் அல்லது தெர்மாகோல் வைத்திருப்பார்கள். இந்த வெற்றிடத்துக்குள் தண்ணீர் புகுவதுதான் மிதிபடகின் தலையாய நோய், அது வெளியே தெரியாது என்பதுதான் அதில் ஆபத்து. படகுக்குள் 30 லிட்டர் தண்ணீர் சேர்ந்தால் பத்து வயதுப் பிள்ளை ஒன்று கூடுதலாக ஏறியதற்குச் சமம். அந்தப் பிள்ளை உட்கார்ந்த இடத்தில் உட்காராது, படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடும். லேசாகச் சாய்ந்த படகை அது இன்னும் சாய்க்கும். தனியாக உட்கார்ந்து போனவரைச் சும்மா விட்ட படகு, இரண்டு பேர் ஒரே பக்கம் குனிந்தவுடன் கவிழ்வது இதனால்தான்.

படகுத்துறையில் நின்றபடியே இதைக் கண்டுபிடிக்கலாம். ஒரே மாதிரிப் படகுகள் காலியாகக் கட்டியிருக்கும்போது அவற்றின் பின்பக்கத்தை ஒப்பிடுங்கள். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் தாழ்ந்தோ ஒருபக்கம் சரிந்தோ மிதந்தால் அது வேண்டாம். சந்தேகம் என்றால் துறையிலிருந்தபடி காலால் விளிம்பை ஒரு அழுத்து அழுத்தி விடுங்கள். உள்ளே காய்ந்திருக்கும் படகு சட்டென்று எழும்பி இரண்டு ஆட்டத்தில் நின்றுவிடும். தண்ணீர் கட்டிய படகு மெதுவாக எழும்பி, ஆடி ஆடி நிற்கும். காது கொடுத்தால் உள்ளே கொளக் கொளக் என்று சத்தம் கேட்கும். அப்போது "அண்ணே, இது ஒரு பக்கமா சாயுது, உள்ள தண்ணி இருக்கு போல, வேற போட் குடுங்க" என்று சொன்னால் போதும். சத்தம் போட வேண்டியதில்லை. துறையில் நிற்கும் ஊழியருக்கு எந்தப் படகு நோயாளி என்று நம்மைவிட நன்றாகத் தெரியும்.

பின்பக்கத்தில் தண்ணீர் வடிக்கும் துளைக்கு ஒரு மூடி இருக்கும். ஒரு படகுத்துறையில் அந்த மூடி இருக்க வேண்டிய இடத்தில் துணியைச் சுருட்டி அடைத்து, பிளாஸ்டிக் பை சுற்றி, மேலே எம்-சீல் பூசியிருந்தது. எம்-சீல் அவசரத்துக்குச் சரி. ஆனால் ஃபைபர் ஒவ்வொரு முறை நெளியும்போதும் இறுகிப்போன அந்தப் பூச்சின் ஓரம் பிரியும். அப்படி அடைத்த படகில் நீச்சல் தெரிந்தவர்கூட ஏறக்கூடாது என்பேன்.

லைஃப் ஜாக்கெட்டை எல்லா இடத்திலும் கொடுத்தார்கள், போடாமல் ஏற விடவில்லை. இது உண்மையிலேயே நல்ல மாற்றம். ஆனால் கொடுப்பதும் பொருந்துவதும் வேறு. குவியலிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துத் தருவார்கள், நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பக்கிள் எல்லாம் மாட்டி, பட்டையை இறுக்கிய பிறகு, இன்னொருவர் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கட்டும். ஜாக்கெட் தாடைக்கோ காதுக்கோ ஏறினால் அது பெரிது. தண்ணீரில் ஜாக்கெட் மேலே மிதக்கும், ஆள் கீழே நழுவுவார். குழந்தைகளுக்குத் தொடைகளுக்கு இடையே மாட்டும் பட்டை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். பெரியவர் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிச் சமாளிப்பது குழந்தைக்குப் பாதுகாப்பல்ல. உள்ளே சீட்டு ஒட்டியிருந்தால் நியூட்டன் கணக்கை, அதாவது ஜாக்கெட் ஆளை மேலே தூக்கும் விசையின் அளவைப் பாருங்கள். 50 என்பது நீந்தத் தெரிந்தவருக்கு. நீந்தத் தெரியாதவருக்கு 100 வேண்டும். வெயிலில் வெளுத்த துணியை இரண்டு விரலால் இழுத்தால் கிழிகிறதா, உள்ளிருக்கும் ஃபோம் அழுத்தியவுடன் அப்படியே அமுங்கிப் போகிறதா என்றும் பாருங்கள். ஜிப் மட்டும் வேலை செய்து பக்கிள் உடைந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நீந்தத் தெரியும், ஓரமாகத்தான் போகிறோம் என்பவர்களுக்கு ஒன்று. ஊட்டி ஏரி 1820களில் ஜான் சல்லிவன் ஓடைகளைத் தேக்கி உண்டாக்கியது. கொடைக்கானல் ஏரியை 1863இல் மதுரை கலெக்டராக இருந்த வெரே லெவிஞ்ச் உருவாக்கினார். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்ததும் அவர்தான். இரண்டும் பள்ளத்தாக்கில் தேக்கிய நீர். அடியில் காலங்காலமாகச் சேர்ந்த வண்டல் கிடக்கிறது. ஓரத்தில் ஆழமில்லை என்று கால் ஊன்றினால் சேறு முழங்காலைப் பிடிக்கும், நீர்க்கொடிகள் சுற்றும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று விழுந்தால் மூச்சுத் திணறி வாய் தானாகத் திறக்கும். முதல் ஒரு நிமிடம் நீச்சல் கை கொடுக்காது, ஜாக்கெட்தான் கை கொடுக்கும்.

ஏறும்போது படகின் இரு முனையும் கட்டியோ பிடித்தோ இருக்க வேண்டும். ஒவ்வொருவராக, குனிந்தபடி, முதல் அடியைப் படகின் நடுவில் வையுங்கள். விளிம்பில் கால் வைத்தால் படகு விலகும், ஒரு கால் துறையில் ஒரு கால் படகில் என்று நிற்க நேரும். எடை இடம் வலம் சமமாக இருக்கட்டும். உட்கார்ந்தபின் இடம் மாற்றவே கூடாது. செல்ஃபிக்காக எழுந்து நிற்பதும் கூடாது.

உடைதான் பலர் யோசிக்காதது. பெடல்கள் எல்லாம் ஒரே கிராங்க் தண்டில் பூட்டியவை. சைக்கிள் போல இடையில் சும்மா சுழலும் வசதி பெரும்பாலான படகுகளில் கிடையாது. ஒருவர் மிதித்தால் பக்கத்தில் இருப்பவர் பெடலும் சேர்ந்து சுற்றும். புடவைத் தலைப்பு, துப்பட்டா, வேட்டி நுனி இவற்றில் எது தொங்கினாலும் தண்டில் சுற்றிக்கொண்டு உள்ளே இழுக்கும். தலைப்பை இடுப்பில் செருகி, துப்பட்டாவை ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்ளுங்கள். மிதிக்காத குழந்தையின் கால் பெடலுக்கு அருகில் தொங்கக்கூடாது, கணுக்காலில் அடி விழும். துணி சிக்கிவிட்டால் உடனே எல்லோரும் காலை எடுத்துவிட்டு, ஒருவர் மட்டும் கையால் பெடலைப் பின்னோக்கிச் சுற்ற வேண்டும். முன்னால் இழுத்தால் இன்னும் இறுகும்.

கிளம்பி பத்து மீட்டருக்குள் திருப்பும் கம்பியை இரண்டு பக்கமும் அசைத்துப் பாருங்கள். சில படகுகளில் இடப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் திரும்பும், சிலவற்றில் நேர் எதிர். படகு நகரும்போதுதான் சுக்கான் (அந்தக் கம்பி அசைக்கும் திருப்புபலகை) வேலை செய்யும், பின்னோக்கி மிதித்தால் திசை மாறிவிடும். பிரேக் என்பது பின்னோக்கி மிதிப்பது மட்டுமே. கரைக்கு மூன்று நான்கு படகு நீளம் இருக்கும்போதே மிதிப்பதை நிறுத்துங்கள். படகுத்துறையைக் கையால் பிடிக்கப் போனால் விரல் நசுங்கும்.

மிதிபடகின் வேகம் நாம் நடக்கும் வேகம்தான். அன்னக் கழுத்தும் மேற்கூரையும் வைத்த படகு காற்றை வாங்கிக்கொண்டு அதன் போக்கில் போகும். ஆகவே முதலில் காற்றுக்கு எதிராகப் போங்கள். களைத்துத் திரும்பும்போது காற்று தள்ளிக்கொண்டு வரும். பலர் மாற்றிச் செய்துவிட்டு, தூரக்கரையில் முழங்கால் வலியோடு கையசைக்கிறார்கள். முட்டுக்காட்டில் இது இன்னும் முக்கியம். அது கடலோடு சேரும் கழிமுகம். மதியத்தில் கடற்காற்று எழும்பும், முகத்துவாரம் திறந்திருக்கும் நாட்களில் நீரோட்டமும் சேர்ந்துகொள்ளும். மோட்டார் படகின் அலை வந்தால் பக்கவாட்டில் வாங்காமல் மூக்கை அலைப் பக்கம் திருப்புங்கள். மதகு, கலிங்கு அருகில் போகவே வேண்டாம். இடிச் சத்தம் கேட்டால் கட்டிய நேரம் மிச்சமிருந்தாலும் கரைக்குத் திரும்புங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆனபிறகே மறுபடி இறங்கலாம். அக்டோபர், நவம்பரில் கொடைக்கானல் போகிறவர்கள் இதை எதிர்பார்த்தே போக வேண்டும்.

நடு ஏரியில் பெடல் கனத்தால் கொடியோ பிளாஸ்டிக் பையோ சுற்றியிருக்கிறது. ஐந்தாறு சுற்று பின்னோக்கி மிதித்தால் பெரும்பாலும் கழன்றுவிடும். யாராவது பெடலில் கால் வைத்திருக்கும்போது துடுப்புச் சக்கரத்தில் கை விடாதீர்கள். பெடல் திடீரென்று இலேசாகி வெறுமனே சுற்றினால் செயின் கழன்றது அல்லது தண்டைப் பூட்டிய ஆணி அறுந்தது. அங்கே எதுவும் செய்ய முடியாது. இரு கைகளையும் தலைக்கு மேல் அசைத்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள். கவிழ்ந்தால் படகைவிட்டு நீந்திப் போகாதீர்கள். கவிழ்ந்த படகும் மிதக்கும், மீட்க வருபவர் கண்ணுக்கு முதலில் தெரிவதும் அதுதான்.

ஊரில் தோட்டக் குளத்துக்கோ சின்ன ரிசார்ட்டுக்கோ மிதிபடகு வாங்கிப் போட்டிருக்கும் சொந்தக்காரர்கள் இப்போது நிறைய. அவர்கள் கேட்பது விலையும் நிறமும்தான், பராமரிப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. படகை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் விடாமல் கரையேற்றி, மூடியைக் கழற்றி, பின்பக்கம் தாழ்வாக இருக்கும்படி இரண்டு மரக்கட்டைமேல் வையுங்கள். எத்தனை லிட்டர் வடிகிறது என்று ஒரு வாளியில் பிடித்துப் பாருங்கள். நாளுக்கு நாள் கூடினால் எங்கோ வழி இருக்கிறது. மூடியின் ரப்பர் வாஷர், கிராங்க் பேரிங் பூட்டிய போல்ட் துளைகள், இரண்டு பாதியும் ஒட்டிய விளிம்பு, இந்த வரிசையில் தேடுங்கள். எல்லாம் வடிந்தபிறகும் படகு கனமாகவே இருந்தால் ஃபோம் தண்ணீரைக் குடித்துவிட்டது, அதை மாற்றாமல் தீர்வில்லை. கழிமுகத்து உப்புத் தண்ணீரில் ஓடிய படகை அன்றன்றே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். செயின் தொய்வு நடுவில் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர், அதற்கு மேல் போனால் பல் தாண்டும். இரும்பு பேரிங்குக்குத் தண்ணீரில் கரையாத கிரீஸ் வையுங்கள். பிளாஸ்டிக் புஷ்ஷில் (தண்டைத் தாங்கும் வளையம்) கிரீஸ் வேண்டாம், மணலைப் பிடித்துவைத்து அதையே தேய்த்துவிடும்.

ஃபைபர் விரிசலுக்கு மேலே பூசுவது பயன்படாது. விரிசலைச் சுற்றி எட்டு பத்து சென்டிமீட்டர் தேய்த்து, இரண்டு நாள் காயவிட்டு, ஒன்றைவிட ஒன்று அகலமாக மூன்று அடுக்கு மேட் (கண்ணாடியிழை விரிப்பு) வைத்து ரெசின் ஊற்ற வேண்டும். ஒரு கிலோ பாலியெஸ்டர் ரெசினுக்கு ஹார்டனர் 10 முதல் 20 கிராம். கூடினால் சூடேறி வெடிப்பு விடும், குறைந்தால் பிசுபிசுப்பாகவே நிற்கும். மலை ஊரில் 15 டிகிரிக்குக் கீழே உள்ள காலையில் இதைத் தொடாதீர்கள், வெயில் ஏறியபின் செய்யுங்கள். இறக்குமதியான பாலிஎத்திலீன் படகாக இருந்தால் ரெசின் ஒட்டவே ஒட்டாது, அதே பிளாஸ்டிக் கம்பியைச் சூடாக்கி உருக்கி ஒட்டுபவரிடம்தான் கொடுக்க வேண்டும்.