நிறுத்திய காரில் பேட்டரி இறங்குகிறதா? அளவு சொல்லாத பட்டறையிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்

நிறுத்தி வைத்த காரில் பேட்டரி தானாக இறங்குகிறது என்று சொல்லி வண்டியைக் கொடுக்கிறீர்கள். பட்டறைக்காரர், எத்தனை மில்லி ஆம்பியர் மின்சாரம் வெளியே போகிறது என்று ஓர் எண்ணைக்கூடச் சொல்லாமல் இந்தப் பாகத்தை மாற்ற வேண்டும், அந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று ஆரம்பித்தால், அந்த இடத்திலேயே சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அப்படி ஒரு பட்டறையில் ஒரு பேட்டரிக்கும், எஞ்சின் ஓடும்போது அதை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்கும் பணம் கொடுத்த பிறகும் என் காரில் குறை அப்படியே இருந்தது. உண்மைக் காரணமோ அதே பட்டறையினர் தங்கள் கையால் செய்து வைத்த ஒரு வேலையில் இருந்தது.

குறை இதுதான். தினமும் ஓட்டினால் கார் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஸ்டார்ட் ஆகும். இரண்டு நாள் தொடர்ந்து நிறுத்தி வைத்தால் செல்ஃப் எடுக்காமல் டக் டக்கென்று சத்தம் மட்டும் வரும். இதற்குச் சில வாரங்கள் முன்னர்தான் முன் இருக்கைக்கு அடியில், ஸ்டீரியோவின் ஒலியைக் கூட்டும் ஓர் ஆம்ப்ளிஃபையரை அந்தப் பட்டறையினர் பொருத்தியிருந்தார்கள். வண்டியை விடும்போதே அதை நினைவுபடுத்தி, இந்தக் குறைக்கு அது காரணமாக இருக்குமா என்று கேட்டேன். ஸ்டீரியோவை அணைத்தால் அதுவும் அணைந்துவிடும், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று, இருக்கைக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்காமல் சொன்னார்கள்.

முதலில் பேட்டரி மேல் பழியைப் போட்டார்கள். முழுவதும் இறங்கிக் கிடந்த பேட்டரியில் சோதனைக் கருவியை வைத்து, ஒரு செல் செத்துவிட்டது என்றார்கள். இறங்கிய பேட்டரியை முழுமையாக சார்ஜ் ஏற்றாமல் சோதித்தால் நல்ல பேட்டரியும் கெட்டது போலத்தான் காட்டும். சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் ஓய்வாக வைத்த பிறகு, நல்ல நிலையில் உள்ள 12 வோல்ட் பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதி இறங்கிவிட்டது என்று பொருள். இந்த அளவுகளில் ஒன்றைக்கூட அவர்கள் எடுக்கவில்லை. பழைய பேட்டரியை மாற்றுக்கு எடுத்துக்கொண்டுவிட்டதால், அது உண்மையில் கெட்டிருந்ததா என்பதை இனி யாரும் சோதித்துப் பார்க்கவும் வழியில்லை.

புதுப் பேட்டரியும் அதே போல இறங்கியது. இப்போது ஆல்டர்னேட்டர் சரியாக சார்ஜ் செய்யவில்லை என்றார்கள். எஞ்சின் ஓடும்போது 13.2 வோல்ட்தான் வருகிறது என்று மீட்டரைக் காட்டினார்கள். எண் உண்மைதான். ஆனால் ஆழமாக இறங்கிய பேட்டரி தொடக்கத்தில் நிறைய மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், எஞ்சின் மெதுவாக ஓடும்போது வோல்ட்டேஜ் சற்றுக் கீழே நிற்பது இயல்பு. பேட்டரி ஏறிய பின் அதே ஆல்டர்னேட்டர் வழக்கமான 13.8 முதல் 14.7 வரையிலான அளவுக்கு வந்துவிடலாம். சார்ஜ் செய்வது குறைவாக இருக்கிறது என்பதும், நிறுத்திய வண்டியில் சார்ஜ் வெளியேறுகிறது என்பதும் இரு வேறு குறைகள். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசியதை அவர்கள் அறியாமல் செய்தார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஆல்டர்னேட்டரை மாற்றியதாக ரசீது கொடுத்தார்கள். கழற்றிய பழையதைக் கேட்டபோது, குப்பையில் போட்டுவிட்டோம் என்றார்கள்.

அதன் பிறகும் குறை தீரவில்லை. ஃபியூஸ் பெட்டியில் உள்ள ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தோம், எதிலும் கசிவு குறையவில்லை, ஆகவே உள் வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். கசிவு எவ்வளவு இருந்தது, எவ்வளவு குறையவில்லை என்று கேட்டேன். பதில் இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு வேறோர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பார்த்தார். அவர் செய்த வேலையை விரிவாகச் சொல்கிறேன். உங்கள் கண் முன்னே இப்படிச் செய்கிறார்களா என்று நீங்கள் ஒப்பிட்டுப் பார்க்க இது உதவும். முதலில் பேட்டரியை முழுமையாக சார்ஜ் ஏற்றினார். ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்து, அதன் பூட்டுக் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவந்தார். கதவு மூடியிருப்பதாக வண்டி நினைத்துக்கொள்ளும், உள்ளே கை விட்டு வேலையும் செய்யலாம். ரிமோட் சாவியை வண்டியிலிருந்து தூரத்தில் வைக்கச் சொன்னார். மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, நெகட்டிவ் முனைக்கும் அதன் கேபிளுக்கும் இடையே தொடராக இணைத்தார். மீட்டரை இணைப்பதற்கு முன்பே ஒரு தனி வயரால் முனையையும் கேபிளையும் சேர்த்துவிட்டு, மீட்டர் பொருந்திய பிறகுதான் அந்த வயரை எடுத்தார். இணைப்பு ஒரு கணம் அறுந்தாலும் தூங்கிக்கொண்டிருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் (வண்டியின் மின் கருவிகளை இயக்கும் சிறு கணினிகள்) எல்லாம் விழித்துக்கொண்டு தவறான அளவைக் காட்டும் என்பது அவர் சொன்ன காரணம். மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே கூடாது; மீட்டரின் ஃபியூஸ் போய்விடும், மீட்டரே கெட்டாலும் வியப்பில்லை.

அதன் பின் அரை மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்தார். என் முந்தைய பட்டறையில் யாரும் இப்படிக் காத்திருந்ததை நான் பார்க்கவில்லை, ஆனால் இந்தச் சோதனைக்கு இதுதான் உயிர்நாடி. சாவியை எடுத்தவுடன் இன்றைய கார்கள் உறங்கிவிடுவதில்லை. பல ஆம்பியர்களில் தொடங்கி, ஒவ்வொரு பெட்டியாக உறங்க உறங்க, அளவு படிப்படியாக இறங்கும். சில வண்டிகளில் இதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். எல்லாம் உறங்கிய பின் பெரும்பாலான கார்களில் 50 மில்லி ஆம்பியருக்குள் நிற்க வேண்டும். என் காரில் 640 மில்லி ஆம்பியரில் நின்றது. கணக்குப் போட்டால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 15 ஆம்பியர் மணி. என் பேட்டரி 45 ஆம்பியர் மணி கொள்ளளவு கொண்டது. இரண்டு நாளில் மூன்றில் இரண்டு பங்கு காலி. மாதக்கணக்கில் புரியாமலிருந்த குறை அந்த ஒரே எண்ணில் விளங்கிவிட்டது.

அடுத்து அவர் ஃபியூஸ்களைப் பிடுங்கவில்லை. ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் உள்ள இரு உலோகப் புள்ளிகளில் மீட்டர் முனைகளை வைத்து மில்லிவோல்ட் பார்த்தார். மின்சாரம் ஓடும் ஃபியூஸில் மிகச் சிறிய வோல்ட்டேஜ் காட்டும், ஓடாததில் சுழியம். பிடுங்கிச் செருகினால் உறங்கிய பெட்டிகள் விழிக்கக்கூடும் என்பதால் இந்த முறையே நல்லது என்றார். பெட்டியிலிருந்த ஃபியூஸ் எதிலும் பொருட்படுத்தத்தக்க அளவு இல்லை. இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: ஃபியூஸ்களில் எதுவும் தெரியவில்லை என்று அந்தப் பட்டறையினர் சொன்னது பொய்யல்ல. ஆனால் ஃபியூஸ் பெட்டி வழியாகப் போகாமல் பேட்டரியிலிருந்து நேரடியாகப் போகும் வயர்கள் உண்டு. ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் ஆகியவற்றின் தடித்த வயர்களும், பிற்பாடு தனியாகப் பொருத்திய ஆம்ப்ளிஃபையரின் வயரும் அப்படிப்பட்டவை. அந்த வயரை இழுத்தவர்களே அதை மறந்துபோனார்கள் என்பதை எப்படி ஏற்பது?

பாசிட்டிவ் முனை அருகே ஆம்ப்ளிஃபையருக்கெனத் தனியாக இருந்த ஃபியூஸை அவர் எடுத்ததும் அளவு 30 மில்லி ஆம்பியருக்கு விழுந்தது. இருக்கைக்கு அடியில் கை வைத்தால், இரவெல்லாம் நின்ற வண்டியில் ஆம்ப்ளிஃபையர் இளஞ்சூடாக இருந்தது. ஸ்டீரியோ அணைந்தால் ஆம்ப்ளிஃபையரும் அணைய வேண்டுமானால், ஸ்டீரியோவின் நீல நிற ரிமோட் வயரிலிருந்து ஒரு மெல்லிய வயரை அதற்கு இழுக்க வேண்டும். டேஷ்போர்டைக் கழற்றும் அந்த வேலையைத் தவிர்ப்பதற்காக, ஆம்ப்ளிஃபையரின் பாசிட்டிவ் திருகையும் பக்கத்திலிருந்த ரிமோட் திருகையும் விரல் நீளச் சிவப்பு வயர் ஒன்றால் இணைத்துவிட்டிருந்தார்கள். அதனால் சத்தம் எதுவும் வராமலே அது இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் துண்டு வயரை எடுத்துவிட்டு, முறைப்படி நீல வயரிலிருந்து இழுத்துக் கொடுத்தார். அதற்குப் பின் வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தும் கார் உடனே ஸ்டார்ட் ஆகிறது.

ஆல்டர்னேட்டரில் மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு என்ற பாகம் கெட்டாலும் நிறுத்திய வண்டியில் பேட்டரி இறங்கும் என்பதால் அதையும் பார்த்துவிடலாம் என்று டார்ச் அடித்தார். புதிதாக மாற்றப்பட்டதாக நான் பணம் கொடுத்திருந்த ஆல்டர்னேட்டரின் போல்ட்டுகளில் பழைய துருவும் எண்ணெய்ப் பிசுக்கோடு இறுகிய தூசியும் ஸ்பேனர் பட்ட தடயமே இல்லாமல் இருந்தன. படம் எடுத்துக்கொண்டேன்.

ரசீது, படங்கள், மீட்டர் அளவுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பட்டறைக்கு எழுத்தில் அனுப்பினேன். எலக்ட்ரிக்கல் வேலைக்கு உத்தரவாதம் கிடையாது என்ற ஒரு வரிதான் பதிலாக வந்தது. ஆல்டர்னேட்டர் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நுகர்வோர் புகாருக்கான தாள்களைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.

உங்கள் காரிலும் பிற்பாடு தனியாகப் பொருத்திய ஆம்ப்ளிஃபையர் இருந்து, பேட்டரியும் இறங்குகிறதென்றால், எதையும் மாற்றச் சம்மதிக்கும் முன், ஸ்டீரியோவை அணைத்துச் சில மணி நேரம் கழித்து அதைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அதன் பாசிட்டிவ், ரிமோட் திருகுகளுக்கு இடையே துண்டு வயர் இருக்கிறதா என்று பாருங்கள். வேறு பாகம் மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால், மாற்றும் முன்னும் பின்னும் எத்தனை மில்லி ஆம்பியர் இருந்தது என்பதை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள், கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.