வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு: பஸ்ஸா, ரயிலா, பைக்கா, மிதிக்கிற சைக்கிளா?

கொழும்பில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவனிடம் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யாரும் கேட்பதில்லை. "பயமில்லையா?" என்பார்கள். வெள்ளவத்தை மாமிமார் என்றால் நேராகவே, "தம்பி, ஒரு ஸ்கூட்டியாவது எடுக்கலாமே" என்பார்கள். ஆனால் கணக்குப் பார்க்க வேண்டியது நேரத்தைத்தான். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ஏறத்தாழ எட்டு கிலோமீற்றர், ஒரு மேடு பள்ளம் கிடையாது. இந்த எட்டு கிலோமீற்றரை வைத்தே ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலில் பஸ். பாணந்துறையிலிருந்து வரும் 100, மொறட்டுவையிலிருந்து வரும் 101 இரண்டும் காலி வீதி வழியாகப் புறக்கோட்டை வரை போகின்றன. காத்திருக்க வேண்டியதில்லை, மலிவு, அதோடு நல்லது முடிந்தது. தனியார் பஸ்காரருக்கு வருமானம் டிக்கெட்டில்தான் என்பதால் ஒரு தரிப்பிடத்தில் ஆள் சேரும் வரை அசையாமல் நிற்பார், பின்னால் இன்னொரு பஸ் கண்ணாடியில் தெரிந்ததும் பறப்பார். உள்ளே இருப்பவருக்கு இது எரிச்சல் மட்டும். வெளியே இடது ஓரத்தில் மிதித்துக்கொண்டிருப்பவனுக்கு இதுதான் நாளின் பெரிய ஆபத்து. நின்ற பஸ்ஸை நீங்கள் முந்துவீர்கள், அது புறப்பட்டு ஹோர்ன் அடித்துக்கொண்டு உங்களை முந்தும், முந்திய கையோடு அடுத்த தரிப்பிடத்துக்காக உங்கள் முன்சக்கரத்துக்கு முன்னால் இடதுபக்கம் வெட்டும். பம்பலப்பிட்டி தாண்டும் வரை அதே பஸ், அதே கொண்டக்டர், அதே முறைப்பு.

ரயில்தான் சைக்கிளுக்கு உண்மையான போட்டி. கடலோரப் பாதையில் டிராபிக் கிடையாது. பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு என்று நின்று நின்று போனாலும் கோட்டைக்கு அதைவிட வேகமாக எதுவும் போகாது, சீசன் டிக்கெட் எடுத்தால் செலவும் கொஞ்சம்தான். சிக்கல் என்னவென்றால், காலையில் அது வெள்ளவத்தைக்கு வரும்போதே தெற்கிலிருந்து நிறைந்து வரும். மிதிபலகையில் ஒரு காலை வைத்துத் தொங்கிக்கொண்டு போவது பாதுகாப்பு, சைக்கிள் ஆபத்து என்று நினைப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. தாமதமும் வேலைநிறுத்தமும் தனிக்கதை. வேலை பொரளையிலோ கறுவாத்தோட்டத்திலோ என்றால் ரயில் உங்களைக் கடற்கரையில் இறக்கிவிட்டுப் போய்விடும், அங்கிருந்து ஓட்டோவுக்குப் பேரம் பேச வேண்டும்.

பைக்கைப் பற்றி நீட்டத் தேவையில்லை. சந்துபொந்தில் நுழையும், வியர்க்காது, வீட்டிலும் சந்தோஷம். மழையில் சைக்கிள்காரன் மாதிரியேதான் நனைய வேண்டும். அப்புறம் 2022 எரிபொருள் தட்டுப்பாட்டை அவ்வளவு சீக்கிரம் மறக்க முடியுமா? ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே பெற்றோல் என்றார்கள், பிறகு கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பங்கீடாக வாங்கும் முறை வந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்றார்கள். அந்த மாதங்களில் சைக்கிள் கடைகளில் விலை எகிறியது, கோட் சூட் போட்டவரும் மிதித்தார், பஸ்காரர்கூடக் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டார். எரிபொருள் திரும்பியதும் நிறையச் சைக்கிள்கள் பல்கனிக்கு ஏறி, இப்போது துணி காயப்போட உதவுகின்றன. 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிட்ட பிறகு, வழிவிடுவது என்ற பேச்சே போய்விட்டது.

சரி, சைக்கிள். மெதுவாக மிதித்தாலும் அரை மணிக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். டிராபிக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் பெரிய மாற்றம் வராது, வீதியில் ஓடும் மற்ற எதற்கும் இல்லாத குணம் இது. கடுப்பேற்றுவது எந்த வீதியால் போவது என்பதுதான்.

காலி வீதி நேர்வழி, ஆனால் மேலே சொன்ன பஸ் நாடகம் முழுவதும் அங்கேதான். இடது ஓரத்தில் கான் (வடிகால்) மூடிகள் வேறு. சில மூடிகளின் கம்பிகள் வாகனம் போகும் திசையிலேயே நீளவாக்கில் இருக்கும், மெல்லிய டயர் அப்படியே உள்ளே இறங்கிவிடும். அதற்குப் பயந்து அரை மீற்றர் உள்ளே வந்தால் பின்னால் ஹோர்ன். மரைன் டிரைவில் பஸ் தொல்லை குறைவு, காலையில் கடலைப் பார்த்துக்கொண்டு போகலாம். ஆனால் மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று பக்கவாட்டில் அடிக்கும், உப்பு படிந்து செயின் பழுப்பேறிவிடும், எண்ணெய் விடாமல் சும்மா விட்டால் இணைப்புகள் இறுகி ஒவ்வொரு சுற்றுக்கும் டக் டக் என்று சத்தம் போடும். கொள்ளுப்பிட்டியில் மரைன் டிரைவ் முடிந்து எப்படியும் காலி வீதிக்கே வர வேண்டும், காலிமுகத்திடலில் வீதி அகலமானதும் கார்காரர்கள் அவ்வளவு நேரம் ஊர்ந்த கோபத்தையெல்லாம் அங்கே தீர்ப்பார்கள்.

என் தெரிவு மூன்றாவது வழி: ஹெவ்லொக் வீதி, தும்முல்லை, பல்கலைக்கழகப் பக்கத்து மரநிழல், கிரீன் பாத், பிறகு யூனியன் பிளேஸ், கொம்பனித்தெரு. கொஞ்சம் சுற்று. ஆனால் பாதி வழி நிழலில் போகலாம், கொழும்பு வெயிலில் அது சின்ன விஷயமில்லை. ஓரத்தில் நிற்கும் வாகனங்களில் யாராவது சட்டென்று கதவைத் திறந்து இறங்குகிறார்களா என்று மட்டும் கவனிக்க வேண்டும். காரில் ஆள் இருக்கிறாரா என்று பக்கக் கண்ணாடியில் முகம் தேடலாம். ஓட்டோவுக்குக் கதவே இல்லை, முதலில் ஒரு கால்தான் வெளியே வரும். அதனால் ஓட்டோவைக் கண்டால் கண் தரையில்.

இவ்வளவையும் தாண்டிப் போய்ச் சேர்ந்தால் வாசலில் அடுத்த பிரச்சினை. கொள்ளுப்பிட்டியில் ஒரு கட்டடத்தில் காருக்கு நிலக்கீழ்த் தளமே இருக்கிறது, சைக்கிளைக் கட்ட ஒரு கம்பி இல்லை. "மல்லி (தம்பி), சைக்கிள் இங்க வைக்க ஏலாது" என்றார் செக்கியூரிட்டி. எங்கே வைக்கலாம் என்று கேட்டதற்கு வீதியைக் காட்டினார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவரிடம் இருந்த பட்டியலில் கார், வேன், மோட்டார் சைக்கிள் என்று மூன்றுதான்.

இதில் எனக்குப் பிடிபடாதது நம்மவர்களின் கூச்சம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணமே சைக்கிளில்தான் ஓடியது. அரிசி மூட்டை, விறகு, நோயாளி எல்லாம் கரியரில். பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளைப் புகையவிட்டவர்களும் அதே சனம்தான். இன்றைக்கும் அங்கே வாத்தியார் சைக்கிளில் போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே குடும்பம் கொழும்பு 6க்கு, அதாவது வெள்ளவத்தைக்கு, வந்ததும் சைக்கிள் என்றால் சாப்பாடு டெலிவரி செய்யும் பெடியன் மட்டும்தான் என்றாகிவிடுகிறது. சொல்லப்போனால், இந்த நகரத்தில் ஒழுங்காகச் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்கள் அந்தப் பெடியன்மார்தான். எந்தச் சந்தியில் எந்தப் பக்கம் நிற்பது என்று அவர்களைப் பார்த்தே பழகலாம்.

ஆகவே, கோட்டை ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் வேலை என்றால் ரயில் சீசன், யோசிக்கவே வேண்டாம். கறுவாத்தோட்டம், பொரளை, யூனியன் பிளேஸ் என்றால் சைக்கிள். ஒக்டோபர், நவம்பரில் மழை பெரும்பாலும் பின்னேரம்தான் கொட்டும், அலுவலகத்திலேயே அரை மணி கூட இருந்துவிட்டுப் புறப்பட்டால் பல நாள் தப்பலாம். வாங்குவதற்கு முன்னால் அலுவலகத்தில் இரண்டு விஷயம் கேட்டு வையுங்கள்: பூட்டி வைக்க இடம் இருக்கிறதா, சட்டை மாற்ற ஒரு குளியலறை திறந்திருக்குமா. இரண்டுக்கும் இல்லை என்றால் காசைப் பத்திரமாக வைத்துக்கொண்டு 101இலேயே ஏறுங்கள்.