தேர்தலைப் பின்தொடர யூடியூப் போதுமா?

அரசியல் தலைவர்கள் சொன்னதைத் தேடிக் கண்டுபிடிக்கவும் சரிபார்க்கவும் யூடியூப் எந்த அளவுக்கு உதவுகிறது என்பதை மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன்.

2005-இல் தொடங்கிய இத்தளம் மறு ஆண்டே அமெரிக்கத் தேர்தல் ஒன்றில் தன் வலிமையைக் காட்டிவிட்டது. 2006 ஆகஸ்டில் வர்ஜீனியாவின் செனட்டர் ஜார்ஜ் ஆலன், பிரேக்ஸ் என்ற சிற்றூரில் பேசும்போது, எதிரணிக்காகத் தம்மைப் படம்பிடித்துக்கொண்டிருந்த இந்திய வம்சாவளி இளைஞரை, குரங்கினத்தைக் குறிக்கும் 'மகாகா' என்ற சொல்லால் இழிவாக அழைத்தார். அந்தக் காட்சியை எதிரணி யூடியூபில் ஏற்ற, நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் அதை நாடெங்கும் கொண்டுசென்றன. நவம்பர் தேர்தலில் எதிரணி வேட்பாளர் ஜிம் வெப்பிடம் பத்தாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் ஆலன் தோற்றார். தோல்விக்கு அதுவே முழுக் காரணம் என்று அறுதியிட முடியாது. ஆனால் இவ்வளவு நெருக்கமான போட்டியில் அதை ஒதுக்கிவிடவும் முடியாது.

பழைய பதிவுகளைத் தேடி எடுப்பதில் இத்தளத்துக்கு நிகரானது குறைவு. போஸ்னியாவின் துஸ்லா விமான நிலையத்தில், மறைந்திருந்து சுடுவோரின் தாக்குதலுக்கு நடுவே தாம் இறங்கியதாக ஹிலாரி கிளிண்டன் 2008 மார்ச்சில் கூறினார். சிபிஎஸ் தொலைக்காட்சியின் 1996-ஆம் ஆண்டுப் பதிவிலோ, அவர் ஓடுதளத்தில் நிதானமாக நின்று ஒரு சிறுமியை வரவேற்றுக்கொண்டிருக்கிறார். தவறாகச் சொல்லிவிட்டதாக அவர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க இன்று எந்த வாக்காளரும் ஒரு செய்தி நிறுவனத்தின் தயவை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

அதே மாதம் பராக் ஒபாமாவுக்கு நேர்ந்ததுதான் இத்தளத்தின் இரு முகங்களையும் காட்டுகிறது. அவருடைய போதகர் ஜெரமையா ரைட் அமெரிக்காவைக் கடுமையாகச் சாடிய உரைகளிலிருந்து வெட்டிய துணுக்குகள் எங்கும் பரவின. மார்ச் 18 அன்று பிலடெல்பியாவில் ஒபாமா அளித்த ஏறத்தாழ 37 நிமிட விளக்கத்தையும் பல லட்சம் பேர் யூடியூபிலேயே முழுமையாகப் பார்த்தார்கள். தொலைக்காட்சிச் செய்தியில் சில விநாடிகளாகச் சுருங்கியிருக்கக்கூடிய உரை அது.

வசதிகளில் நான் மிகவும் மதிப்பது, பேச்சின் எழுத்துவடிவத்தைத் திறந்து, வேண்டிய வரியைச் சொடுக்கினால் காணொளி அந்த இடத்துக்கே தாவும் ஏற்பாடு. ஒரு மணிநேர உரையில் ஒரு வாக்கியத்தைச் சரிபார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

குறைகளும் சிறியவை அல்ல. காணொளியின் கீழ் தெரிவது பதிவேற்றிய தேதியே தவிர நிகழ்ச்சி நடந்த தேதி அன்று. எனவே பல ஆண்டுகளுக்கு முந்தைய கூட்டம் நேற்றைய கூட்டமாக வலம்வருவது எளிதாகிறது. பதிவேற்றியவர் நினைத்தால் நீக்கிவிடலாம் என்பதால், சான்றாகக் காட்டிய இணைப்பு ஒருநாள் வெறுமையாகிவிடும். வெட்டிய துணுக்கிலிருந்து மூல உரைக்குச் செல்ல உறுதியான வழியும் இல்லை.

தவிர, காட்சிகளைக் கோத்துப் பொருள் சொல்லும் வேலையை இத்தளம் செய்யாது. 2006 இறுதியில் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் பலர் பணிநீக்கம் செய்யப்பட்டபோது, ஜோஷ் மார்ஷலின் 'டாக்கிங் பாயிண்ட்ஸ் மெமோ' வலைப்பதிவு வாசகர்களின் உதவியோடு உள்ளூர்ச் செய்திகளை இணைத்து அதன் பின்னணியை வெளிக்கொணர்ந்தது. அப்பணிக்கு இதழியலுக்கான ஜார்ஜ் போல்க் விருதும் கிடைத்தது. அத்தகைய எழுத்தை உடன் படிப்பவர்களுக்கு யூடியூபைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். துணுக்குகளை மட்டும் பார்த்து வாக்களிக்க நினைப்பவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.