வரிசை கலைக்காமல் கேளுங்கள்: ஸ்டீவி ரே வானின் இரண்டு தட்டுகள்

திருவிழா மேடைகளில் கிடார் வாசித்துச் சம்பாதிக்கிறவன் நான். மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இதுதான் தொழில். மெல்லிசைக் குழுவில் கிடாரின் வேலை பெரும்பாலும் பாட்டுக்கு அடியில் நடப்பது. தாளத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே கொஞ்சம் மேலே வந்து வாசிக்க வேண்டும், மறுபடி அடியில் போய்விட வேண்டும். அந்தக் காதோடுதான் அமெரிக்கக் கிடார்காரர் ஸ்டீவி ரே வானின் இந்தப் பாட்டுத் தொகுப்பை முதன்முதலாகக் கேட்டேன். ‘பிரைட் அண்ட் ஜாய்’ என்ற பாட்டு ஓடியபோது இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்றே நினைத்தேன். தட்டோடு வந்த சிறு புத்தகத்தைப் புரட்டி இன்னொரு கிடார்காரரின் பெயரைத் தேடினேன். அப்படி ஒருவர் இல்லை. ஒரே ஆள், ஒரே கிடார். கூட இருப்பவர்கள் கீழ்ச்சுரக் கிடாரான பாஸ் வாசிக்கும் டாமி ஷானனும் டிரம்ஸ் வாசிக்கும் கிறிஸ் லேட்டனும் மட்டும்தான்.

அது எப்படி நடக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. வலது கை கீழே இறங்கும்போது தடித்த தந்தியில் பாஸ் நடக்கிறது. மேலே ஏறும்போது மெல்லிய தந்திகளில் கார்டு, அதாவது பல சுரங்களைச் சேர்த்து அடிக்கும் ஒலி, வெட்டி விழுகிறது. ஒலிக்கக் கூடாத தந்திகளை இடது கை விரல்கள் தொட்டுத் தொட்டு அடக்குகின்றன. ஓர் அடியை மூன்றாகப் பிரிக்கும் திஸ்ர நடையில் நடு அட்சரத்தை விழுங்கிவிட்டால் வரும் நொண்டல் தாளம் இது, ஷஃபிள் என்பார்கள். ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையை வாசிக்கும் எல்லோரும் ஷஃபிள் வாசிப்பார்கள். அதையே முழு வாத்தியக் குழுவின் கனத்தோடு ஒற்றைக் கையில் தூக்கி நடந்தவர் டெக்சஸ் மாநிலம் டாலஸில் 1954-ல் பிறந்த ஸ்டீவி ரே வான்.

தொகுப்பின் பெயர் ‘தி எசென்ஷியல் ஸ்டீவி ரே வான் அண்ட் டபுள் டிரபிள்’. டபுள் டிரபிள் அவருடைய குழுவின் பெயர். 2002-ல் எபிக், லெகசி என்ற இசைத்தட்டு நிறுவனங்களின் முத்திரையோடு வந்தது. இரண்டு சி.டி., 33 பாட்டுகள். ஹூஸ்டனில் வேலை பார்த்த என் மைத்துனர் ஆஸ்டின் போயிருந்தபோது பழைய இசைத்தட்டுக் கடை ஒன்றில் வாங்கிவந்து கொடுத்தார். பெட்டியின் கீல் அப்போதே உடைந்திருந்தது. தட்டுகளில் ஒரு கீறல் இல்லை.

‘சிறந்த பாடல்கள்’ என்று வரும் தொகுப்புகளை நான் பொதுவாக நம்புவதில்லை. விற்ற பாட்டுகளை முன்னால் அடுக்கிவிட்டு, மீதி இடத்தை எதையாவது போட்டு நிரப்பியிருப்பார்கள். இந்தத் தொகுப்பு பெரும்பாலும் காலவரிசையில் போகிறது. அது சாதாரண ஏற்பாடாகத் தோன்றலாம். இந்த ஒரு கலைஞர் விஷயத்தில் அந்த வரிசைக்காகவே இதை வாங்கலாம் என்பேன். இங்கே ஒரு மனிதர் ஏறி, விழுந்து, எழுந்து வருவதைக் கைகளின் ஒலியிலேயே கேட்க முடிகிறது.

தொடக்கம் 1980. ஆஸ்டினில் ஸ்டீம்போட் என்ற விடுதியில் நடந்த கச்சேரியின் வானொலிப் பதிவு. ஷானன் இன்னும் குழுவில் சேரவில்லை. அடுத்தது 1982 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ விழா. ஒலிப்பதிவு ஒப்பந்தம்கூடக் கையில் இல்லாத குழு அது. மென்மையான ப்ளூஸ் கேட்க வந்த கூட்டத்தில் ஒரு பகுதி அன்று கூச்சல் போட்டது. மேடையை விட்டு இறங்கியவருக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று மேடைக்காரனாகிய எனக்குத் தெரியும். ஆனால் அதே விழாவில் அவரைக் கேட்டவர்கள் இருவர். ஆங்கிலேயப் பாடகர் டேவிட் போவி தன் ‘லெட்ஸ் டான்ஸ்’ ஆல்பத்தில் வாசிக்க அழைத்தார். அமெரிக்கப் பாடகர் ஜாக்சன் பிரௌன் லாஸ் ஏஞ்சலஸில் இருந்த தன் ஒலிப்பதிவுக் கூடத்தை இலவசமாகக் கொடுத்தார். அங்கே இரண்டு மூன்று நாட்களுக்குள் பதிந்தவைதான் 1983-ல் ‘டெக்சஸ் ஃபிளட்’ என்ற முதல் ஆல்பமாயின.

புதிதாகக் கேட்கிறவர்களிடம் மூன்றாம் பாட்டில் தொடங்குங்கள் என்று முன்பு சொல்லிவந்தேன். இப்போது சொல்வதில்லை. அந்த இரண்டு மேடைப் பதிவுகளின் முரட்டுத்தனத்தைக் கேட்டபின் ‘டெக்சஸ் ஃபிளட்’ பாட்டுக்கு வந்தால்தான் அதன் பொறுமை புரியும். லாரி டேவிஸ் 1958-ல் பதிந்த பாட்டு அது. வெள்ளம் வந்துவிட்டது, தொலைபேசிக் கம்பிகள் அறுந்துகிடக்கின்றன, அவளோடு பேச வழியில்லை. அவ்வளவுதான் பொருள். ஒரு சொல்லைப் பாடிவிட்டு வான் நிறுத்துகிறார். மீதியைக் கிடார் சொல்கிறது. நம் கச்சேரியில் பாட்டுக்காரர் ஒரு வரியை விட்டதும் வயலின் அதை எடுத்து வாசிக்குமே, அந்தப் பேச்சு. இங்கே இரண்டு பேரும் ஒருவரே.

தந்தியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. நான் போடுவது 0.009 அங்குலத் தடிமனுள்ள முதல் தந்தி. மின்கிடார் வாசிப்பவர்கள் பலரும் 9 அல்லது 10 போடுவார்கள். அவர் போட்டது 13. அந்தக் கம்பியை மேலே தள்ளி ஒரு முழு சுரம் ஏற்றுவதற்கு மணிக்கட்டின் பலம் முழுவதும் வேண்டும். அதனால்தானோ என்னவோ, பாடகரின் குரலுக்காக மேடையில் நாங்கள் சுருதியை இறக்குவதுபோல, எல்லாத் தந்திகளையும் அரைச் சுரம் இறக்கியே வைத்திருந்தார். ஒருமுறை நானும் 13 கட்டிப் பார்த்தேன். மூன்றாம் நாள் மோதிர விரல் நுனியின் தோல் பிரிந்துவிட்டது. அவருக்கும் பிரிந்திருக்கிறது, பசை போட்டு ஒட்டிக்கொண்டு வாசிப்பாராம். அந்தத் தடித்த தந்தியின் பலன் ‘டெக்சஸ் ஃபிளட்’டின் ஒவ்வொரு சுரத்திலும் இருக்கிறது. சுரம் மெலியாமல், வெண்கலப் பாத்திரத்தைத் தட்டியதுபோல உருண்டு விழுகிறது.

அதே கைகள்தான் ‘லென்னி’யையும் வாசிக்கின்றன. அடகுக்கடையில் பார்த்து ஆசைப்பட்ட கிடார் ஒன்றை வாங்க அவரிடம் பணமில்லை. மனைவி லெனோரா நண்பர்களிடம் ஆளுக்குக் கொஞ்சமாகத் திரட்டிப் பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுத்தார். அந்தக் கிடாருக்கும் அதில் பிறந்த பாட்டுக்கும் மனைவியின் பெயர். வார்த்தை ஒன்றுகூட இல்லை. எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அதிகம் ஓடியது இதுதான்.

இரண்டாம் ஆல்பத்திலிருந்து வரும் ‘ஸ்கட்டில் பட்டின்’ இரண்டு நிமிடங்களுக்குள் முடிந்துவிடும் ஓட்டம். கிடார் பயிலும் பிள்ளைகள் இதைத்தான் முதலில் வாசித்துக் காட்ட விரும்புவார்கள். நான் அவர்களை ‘டின் பான் ஆலி’க்கு அனுப்புவேன். ஒன்பது நிமிடம். கொலையும் சூதும் நடக்கும் ஒரு தெருவைப் பற்றிய பாட்டு. லேட்டன் டிரம்ஸை ஏறக்குறைய தொடுவதோடு நிறுத்திக்கொள்கிறார். அவ்வளவு அமைதியில் ஒரு சுரம் கத்தியைப்போலச் சட்டென்று வெளியே வரும், உடனே உறைக்குள் போய்விடும். சத்தத்தைக் குறைத்து வாசிப்பது எவ்வளவு கடினம் என்பது மேடையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

முதல் தட்டில் எனக்கு ஒரு மனக்குறை. கிடார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸின் ‘வூடூ சைல்ட்’டை இவர் ஸ்டுடியோவில் வாசித்த வடிவம் இருக்கிறது, இங்கே மேடைப் பதிவைச் சேர்த்திருக்கிறார்கள். ஸ்டுடியோ வடிவத்தின் கட்டுக்கோப்பு எனக்கு வேண்டியிருந்தது. இன்னொரு குறை பெரியது. 1983 டிசம்பரில் கனடாவின் ஹாமில்டனில் தொலைக்காட்சிக்காகத் தன் ஆசான்களில் ஒருவரான ஆல்பர்ட் கிங்கோடு உட்கார்ந்து வாசித்தாரே, அதிலிருந்து ஒரு பாட்டுகூட இங்கே இல்லை. போவியோடு வாசித்ததும் இல்லை. வாழ்க்கை முழுவதையும் காட்டும் தொகுப்பில் அவை இருந்திருக்க வேண்டும்.

இரண்டாம் தட்டுதான் எனக்கு முக்கியம். 1985-ல் கீபோர்டு வாசிக்கும் ரீஸ் வைனன்ஸ் குழுவில் சேர்கிறார், ஒலி அகலமாகிறது. ‘லைஃப் விதவுட் யூ’ டாலஸில் கிடார் கடை வைத்திருந்த நண்பர் சார்லி வர்ட்ஸ் இறந்தபோது எழுதியது. கடைக்காரருக்காகக் கலைஞர் எழுதிய இரங்கல் பாட்டு வேறெங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன், எனக்குத் தட்டுப்படவில்லை.

அதன்பின் மேடைப் பதிவுகளான ‘வில்லி த விம்ப்’பும் ‘சூப்பர்ஸ்டிஷ’னும் வருகின்றன. இரண்டும் 1986-ல் வந்த ‘லைவ் அலைவ்’ ஆல்பத்தில் இருந்தவை. மதுவும் கொக்கெய்னும் அவரை முழுவதுமாக எடுத்துக்கொண்டிருந்த காலம். கைக்கு எல்லாம் தெரியும், வேகத்துக்குக் குறைவில்லை; ஆனால் ‘டின் பான் ஆலி’யில் காத்திருந்து வாசித்த மனிதர் இங்கே காத்திருக்கவில்லை. அந்த ஆல்பம் பின்னாளில் அவருக்கே திருப்தி தரவில்லை. இந்தத் தொகுப்பைத் தயாரித்தவர்கள் இவற்றை விட்டிருக்கலாம். விடாமல் வைத்ததற்கு நான் நன்றி சொல்கிறேன். பள்ளம் தெரிந்தால்தானே ஏற்றம் தெரியும்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று அவருடைய தந்தை இறந்தார். அடுத்த மாதக் கடைசியில் ஜெர்மனியில் சுற்றுப்பயணத்தின் நடுவே வான் உடல் நொறுங்கி விழுந்தார். லண்டனில் சிகிச்சை, பிறகு அட்லாண்டாவில் போதை மீட்பு மருத்துவமனை. ஷானனும் அதே சமயத்தில் இன்னொரு மருத்துவமனையில் சேர்ந்தார். இருவரும் தெளிந்து திரும்பினார்கள்.

திரும்பிவந்தவரின் பதிவுதான் 1989-ல் வந்த ‘இன் ஸ்டெப்’. ‘கிராஸ்ஃபயர்’ தொடங்கும்போது பாஸ் முன்னால் நடக்கிறது, கிடார் பின்னால் வருகிறது. முதல் தட்டில் எல்லாவற்றையும் தானே தூக்கி நடந்த மனிதர் இப்போது மற்றவர்களை நடக்கவிட்டுக் கேட்கிறார். ‘டைட்ரோப்’, ‘வால் ஆஃப் டிநையல்’ இரண்டும் போதையிலிருந்து மீண்ட கதையை நேராகவே சொல்கின்றன. டாயில் பிராம்ஹால் என்ற பழைய நண்பரோடு சேர்ந்து எழுதியவை. குரலைக் கவனியுங்கள். முன்பெல்லாம் சொல்லை விழுங்கிப் பாடியவர், இங்கே ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திக் கேட்கும்படி பாடுகிறார். அவர் கிடாரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். குரல் இப்படி மாறியது எனக்கு அதைவிடப் பெரிய செய்தி.

பிறகு ‘ரிவியெரா பாரடைஸ்’. பதினான்காம் பாட்டு. கூடத்தின் விளக்குகளை அணைக்கச் சொல்லிவிட்டு வாசித்தார். ஒலிநாடாவில் ஒன்பது நிமிடங்கள்தான் மிச்சம் என்று தயாரிப்பாளர் ஜிம் கெய்ன்ஸ் சொல்ல, நான்கு நிமிடப் பாட்டுதான் என்றாராம். வாசிக்க வாசிக்கப் பாட்டு நீண்டுகொண்டே போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கெய்ன்ஸ் தவிப்பதை லேட்டன் பார்த்து, எப்படியோ வானின் கண்ணைப் பிடித்துச் சைகை காட்டினார். பாட்டு முடிந்த சில நொடிகளில் நாடாவும் தீர்ந்தது. அந்த அவசரத்தின் சுவடு முடிவில் எங்கேயும் இல்லை. ஒற்றைச் சுரத்தை வைத்துவிட்டு, அது அடங்கும்வரை காத்திருந்து, அடுத்ததை வைக்கிறார். கார்டுகள் ஜாஸ் பக்கம் போகின்றன. நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள், பயணத்தின்போது வேண்டாம்.

1990 ஆகஸ்ட் 26 இரவு விஸ்கான்சினில் ஆல்பைன் வேலி அரங்கில் எரிக் கிளாப்டன், பட்டி கை, ராபர்ட் கிரே, அண்ணன் ஜிம்மி வான் ஆகிய கிடார்காரர்களோடு கடைசிப் பாட்டை வாசித்து முடித்தார். நள்ளிரவுக்குப் பின் ஏறிய ஹெலிகாப்டர் பனிமூட்டத்தில் மலைச்சரிவில் மோதியது. தந்தை இறந்த அதே ஆகஸ்ட் 27. வயது 35. அண்ணனோடு சேர்ந்து பதிந்த ‘ஃபேமிலி ஸ்டைல்’ அடுத்த மாதம் கடைக்கு வந்தது. அதிலிருந்து இரண்டு பாட்டுகள் இங்கே உண்டு. மீதமிருந்த பதிவுகளைத் திரட்டி 1991-ல் ஜிம்மி ஓர் ஆல்பம் கொண்டுவந்தார். அதன் பெயர் ‘தி ஸ்கை இஸ் க்ரையிங்’, வானம் அழுகிறது. தமிழில் எழுதும்போது அவர் பெயரிலேயே வான் இருக்கிறது. இதை எழுத்துக்கூட்டி முதன்முதலாகக் காகிதத்தில் எழுதியபோது கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டேன்.

தொகுப்பின் கடைசிப் பாட்டு அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டேதான்: ‘லைஃப் பை த டிராப்’. பன்னிரண்டு தந்திக் கிடாரும் குரலும் மட்டும். ஷானன் இல்லை, லேட்டன் இல்லை, மின்கிடாரின் ஒலிபெருக்கி இல்லை. நட்பைப் பற்றி பிராம்ஹால் எழுதிக் கொடுத்தது. மூன்று நிமிடம்கூட ஆகாது. தொகுப்பின் தொடக்கத்தில் விடுதியே அதிரும்படி வாசித்த அந்த இளைஞரை நினைத்துக்கொண்டு இதைக் கேட்க வேண்டும்.

வாங்குகிறவர்கள் சிறு புத்தகம் உள்ள பிரதியாகப் பாருங்கள். யார் எதில் வாசித்தார்கள் என்று தெரிந்து கேட்பது வேறு அனுபவம். இணையத்தில் கேட்டால் பாட்டுகளைக் கலைத்துப்போடும் வசதியை அணைத்துவிடுங்கள்.

எங்கள் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் தம்பி முதல் தட்டைக் கேட்டு வாங்கிப்போய் நான்கு மாதம் வைத்திருந்தான். போன பங்குனியில் திருமங்கலத்துப் பக்கம் ஒரு கோயில் மேடையில், கூட்டம் வருவதற்கு முன், ஒலிபெருக்கியைச் சரிபார்க்கும் நேரம். அவன் எங்களைப் பார்க்காமல் முதல் தட்டிலுள்ள ‘கோல்ட் ஷாட்’ பாட்டின் அந்தப் பின்னுக்கு இழுக்கும் அடியைத் தொடங்கினான், லேட்டன் வாசிப்பதுபோலவே கனமாக. நான் கிடாரை எடுத்துச் சேர்ந்துகொண்டேன். எங்களுக்கு பாஸ் வாசிக்கத் தனி ஆள் கிடையாது. கீபோர்டு அண்ணன் இரண்டு சுற்று கேட்டுவிட்டு இடது கையால் அதைக் கண்டுபிடித்துக்கொண்டார்.