நாடியா, நாளமா? அவசர சிகிச்சையில் குருதி வாயுப் பரிசோதனை

யாழ். குடாநாட்டின் ஆதார வைத்தியசாலையொன்றில் அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றுகிறேன். மூச்சுத் திணறலோடும் மயக்கத்தோடும் வருபவர்களுக்கு, குருதியின் அமில அளவையும் அதிலுள்ள வாயுக்களையும் அளக்கும் குருதி வாயுப் பரிசோதனைக்கான முதல் மாதிரியை மணிக்கட்டு நாடியிலிருந்து எடுக்கும் வழக்கத்தை விட்டு, நாளத்திலிருந்து எடுக்கத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. (தமிழக வாசகர்கள் நாடியைத் தமனி என்றும் நாளத்தைச் சிரை என்றும் கொள்ளலாம்.) ஆகவே இந்த ஒப்பீட்டில் நான் நடுநிலையாளன் அல்லன், நாளத்தின் பக்கமே நிற்கிறேன். ஆனால் நாடியை விட முடியாத இடங்களும் உண்டு, அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

இயந்திரம் இரண்டுக்கும் ஒன்றுதான். குருதி உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் பூசிய சிறிஞ்சில் ஒரு மில்லிலீற்றர் அளவு குருதி போதும். ஓரிரு நிமிடங்களில் பீ.எச். (அமில அளவு; குறைந்தால் அமிலம் கூடுதல்), காபனீரொட்சைட்டின் அழுத்தம், அமிலத்தைச் சமன்செய்யும் இருகாபனேற்று, உடல் ஒட்சிசன் போதாமல் தவிக்கும்போது உயரும் லக்ரேற், பொற்றாசியம், குளுக்கோசு ஆகியவை ஒரே சீட்டில் வந்துவிடும். செலவிலும் வேறுபாடு இல்லை.

அப்படியானால் ஏன் இத்தனை காலம் நாடி? 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களின் குருதியில் இருகாபனேற்று உயர்ந்திருந்ததைக் கண்டு முதலில் காரமிகை (குருதியில் காரத்தன்மை கூடுவது) என்றே எண்ணினார்கள். அது வெளியேற முடியாமல் தேங்கிய காபனீரொட்சைட்டின் விளைவு என்பதை மயக்கமருந்து வைத்தியரான பியோன் இப்சன் எடுத்துச் சொல்ல, போல் அஸ்ற்றப்பின் ஆய்வுகூடத்தில் பீ.எச். அளந்தபோது அது உறுதியானது. அதே பத்தாண்டில் ஒட்சிசனுக்கும் காபனீரொட்சைட்டுக்குமான மின்வாய்கள் வந்தன. நுரையீரல் குருதியில் எவ்வளவு ஒட்சிசனை ஏற்றுகிறது என்பதை அறிய வேறு எளிய வழி இல்லாத காலம் அது. நாடியைக் குத்தத்தான் வேண்டியிருந்தது. 1970களில் ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அஓயகியின் ஆய்விலிருந்து பிறந்த, குத்தாமலே குருதியின் ஒட்சிசனை அளக்கும் பல்ஸ் ஒக்சிமீற்றர் இன்று எல்லாக் கட்டில்களிலும் விரலில் மாட்டியிருக்கிறது. நாடியிடம் நாங்கள் கேட்ட பெரிய கேள்விக்கு விரல்நுனியே பெரும்பாலும் விடை சொல்கிறது. மற்றக் கேள்விகளுக்கு நாளம் போதும் என்பது என் நிலைப்பாடு.

எண்களைப் பார்ப்போம். நாடிக் குருதியின் பீ.எச். 7.35 முதல் 7.45 வரை இருப்பது இயல்பு. நாளத்தில் அது சராசரியாக 0.03 அளவு குறைந்திருக்கும். இருகாபனேற்று நாளத்தில் ஏறத்தாழ 1 மில்லிமோல் கூடுதலாக இருக்கும். ஒரு நோயாளியின் பீ.எச். 7.11 என்றாலும் 7.08 என்றாலும் நான் செய்யப்போவது ஒன்றே. நாள லக்ரேற் 2க்குக் கீழே இருந்தால் நம்பலாம். உயர்ந்திருந்தால் அந்த ஒரே எண்ணை வைத்து முடிவெடுக்காமல், சிகிச்சையோடு அது இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

என் மனத்தை மாற்றியது இந்த எண்கள் அல்ல, இரண்டாவது மாதிரிதான். குருதி வாயுப் பரிசோதனை ஒரு தடவை எடுத்து மூடிவைக்கும் பரிசோதனை அன்று. சிகிச்சை வேலை செய்கிறதா என்பதை அடுத்தடுத்த மாதிரிகளே சொல்லும். நாடிக் குத்து நோவானது. தோலுக்குக் கீழே நரம்பும் எலும்பும் நெருங்கிக் கிடக்கும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாத துடிப்பை விரலால் தேடி ஊசியை இறக்க வேண்டும். தீவிலிருந்து வள்ளத்தில் வந்து சேர்ந்த ஒரு முதிய அம்மாவுக்கு, முதல் மாதிரியிலேயே மணிக்கட்டு கண்டிப்போயிருந்தது. இரண்டு மணித்தியாலம் கழித்து நான் சிறிஞ்சோடு கட்டிலருகே போனபோது, கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு, "தம்பி, திருப்பியும் அதே கையிலையோ குத்தப் போறியள்?" என்று கேட்டார். நான் திரும்பிவிட்டேன். அடுத்த மாதிரியை ஆறு மணித்தியாலம் கழித்தே எடுத்தேன். அவருக்குத் தீங்கு எதுவும் நேரவில்லை. ஆனால் அந்த இடைவெளியில் அவர் உடலில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாமலே இருந்தது. எடுக்க வேண்டிய பரிசோதனையைத் தள்ளிப்போடச் செய்யும் முறை, எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், அவசரப் பிரிவுக்குப் பொருந்தாது என்று அன்று தோன்றியது.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு இளம் பெண்பிள்ளை. இரண்டு நாள் வாந்தி, வயிற்றுக்குத்து என்று கொண்டுவந்தார்கள். மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் இருந்தது, விரலில் ஒட்சிசன் 99 வீதம். நாள மாதிரியில் பீ.எச். 7.06, இருகாபனேற்று 7, குளுக்கோசு எகிறியிருந்தது. நீரிழிவினால் வந்த கீற்றோன் அமிலநிலை, அதாவது இன்சுலின் போதாமல் குருதியில் கீற்றோன் அமிலங்கள் சேர்ந்த நிலை. பிரித்தானிய நீரிழிவுச் சங்கங்களின் கூட்டு வழிகாட்டல் இந்நோய்க்கு நாளக் குருதியையே பரிந்துரைக்கிறது. முதல் மணித்தியாலத்திலும் இரண்டாவதிலும், பின்னர் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையும் இருகாபனேற்றையும் பொற்றாசியத்தையும் பார்க்கச் சொல்கிறது. சேலைன் ஏறாத கையில் பெரிய கனுலாவொன்றை (நாளத்துக்குள் விட்டுவைக்கும் மெல்லிய குழாய்) இட்டு, அதிலிருந்தே ஒவ்வொரு முறையும் எடுத்தோம். இன்சுலின் ஏறத் தொடங்கி இரண்டாவது மணித்தியாலத்தில் பொற்றாசியம் 4.4இலிருந்து 3.1க்கு இறங்கியிருந்தது. உடனே இன்சுலினை நிறுத்திவைத்து, பொற்றாசியத்தைக் கூட்டி, இதயத்துடிப்புத் திரையைப் பார்த்தபடி நின்றோம். அடுத்த மாதிரிக்குத் தாதி வந்தபோது பிள்ளை உறக்கத்தில் இருந்தாள்; அவளை எழுப்பாமலே எடுக்க முடிந்தது.

நாளத்துக்கும் ஒழுங்கு வேண்டும். கையை நெடுநேரம் இறுக்கிக் கட்டி, நோயாளியைக் கைவிரல்களை மடக்கி மடக்கித் திறக்கச் சொன்னால் பொற்றாசியமும் லக்ரேற்றும் பொய்யாக உயரலாம். கனுலாவில் இருந்து எடுக்கும்போது முதலில் வரும் குருதியை ஒதுக்கிவிட்டே மாதிரியை இழுக்க வேண்டும். உயிருள்ள செல்கள் சிறிஞ்சுக்குள்ளும் குளுக்கோசைத் தின்று லக்ரேற்றை உண்டாக்கும். எங்கள் சித்திரை வெயிலில் மாதிரியைத் தள்ளுவண்டியில் மறந்து வைத்தால் அது இன்னும் விரைவாக நடக்கும். இது நாடிக்கும் பொருந்தும். இயந்திரம் வேறு கட்டடத்தில் இருக்கும் வைத்தியசாலைகளில், எங்கே குத்துவது என்பதைவிட யார் கொண்டு ஓடுவது என்பதே பெரிய கேள்வி.

இனி நாடி வெல்லும் இடங்கள். காபனீரொட்சைட்டே முதன்மை. நாளத்தில் அது சராசரியாக 4 முதல் 6 மி.மீ. இரசம் வரை கூடுதலாக இருந்தாலும், ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகப் பெரிது. கழித்துப் பார்த்து நாடியின் எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் வடிகட்ட அது உதவும். பல ஆண்டு சுருட்டுப் பிடித்து நுரையீரல் கெட்டு, முட்டு (மூச்சிழுப்பு) இழுக்க இழுக்க வரும் ஐயாக்களுக்கு முதலில் நாளம் பார்க்கிறேன். காபனீரொட்சைட்டு 45க்கு மேற்படாவிட்டால், நாடியில் ஆபத்தான தேக்கம் இல்லையென்று கொண்டு மணிக்கட்டை விட்டுவிடுகிறேன். அதைத் தாண்டினால், ஆள் தூங்கிவிழும் நிலையில் இல்லையென்றால், தோலை மரக்கச் செய்யும் லிக்னொகெயின் சிறிது போட்டு நாடியிலேயே எடுக்கிறேன். முகமூடி வழியான சுவாச உதவியைத் தொடங்குவதையும் மாற்றுவதையும் நாள எண்ணில் தீர்மானிக்க எனக்குத் துணிவில்லை.

அடுத்தது, விரலை நம்ப முடியாத நேரம். குருதியோட்டம் குன்றும் அதிர்ச்சி நிலையில் கை குளிர்ந்தால் ஒக்சிமீற்றர் தடுமாறும். கருமையான தோலில் அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பது எங்கள் நோயாளிகள் பலருக்கும் பொருந்தும் செய்தி. திரையில் 93 என்று இருந்தும் ஆள் பதறிக்கொண்டிருந்தால் நான் நாடியைக் குத்துகிறேன். குருதியோட்டம் மிகக் குன்றியவர்களில் நாடிக்கும் நாளத்துக்கும் இடைவெளி அகன்றுவிடும். அங்கும் நாளத்தை மட்டும் வைத்துக்கொள்வதில்லை. சிறுவர்களிலும் கர்ப்பிணிகளிலும் என் அனுபவம் சொற்பம், ஆகவே மேலே எழுதியவற்றை அவர்களுக்கு நீட்டிப் படிக்க வேண்டாம்.

நாளத்துக்கு மாறும் எவரும் ஒன்றை மறக்கக்கூடாது. எங்கள் மாற்றத்தின் தொடக்க நாட்களில், இயந்திரத்தில் மாதிரி வகையைத் தெரிவு செய்யாமல் ஓட்டிய ஒரு சீட்டில் ஒட்சிசன் அழுத்தம் 34 என்று வந்தது. நாளத்தில் அது இயல்பான எண். ஆனால் அதைக் கையில் எடுத்த உள்ளகப் பயிற்சி வைத்தியர் நாடியினது என்று எண்ணி, விரலில் ஒட்சிசனை 88 முதல் 92 வீதத்துக்குள் வைத்திருக்க வேண்டிய முட்டுக்கார ஐயாவுக்கு ஒட்சிசனை முழுதாகத் திறந்துவிட்டார். இப்படிப்பட்டவர்களில் ஒட்சிசன் மிகுந்தால் காபனீரொட்சைட்டு தேங்கிவிடும். அரை மணித்தியாலத்தில் ஐயா பேச்சுக் குழறிச் சோர்ந்துபோனார். காரணத்தைக் கண்டு ஒட்சிசனைக் குறைத்து, சுவாச உதவி கொடுத்து மீட்டோம். பிழை அந்த இளம் வைத்தியருடையது அன்று, சீட்டில் எதையும் எழுதாத எங்களுடையது. அன்றிலிருந்து ஒவ்வொரு சீட்டின் தலையிலும் சிவப்புப் பேனையால் 'நாளம்' அல்லது 'நாடி' என்றும், எடுத்த நேரமும், அப்போது எத்தனை லீற்றர் ஒட்சிசன் ஓடியது என்பதும் எழுதாமல் கோப்பில் ஒட்டுவதில்லை.